திரை கறுப்பானால் பதற்றம் வேண்டாம்: பழைய கெர்னல் கைகொடுக்கும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினியை வீச மனமில்லாதவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் கைகொடுக்கின்றன.

ஆனால், புதுப்பிப்பு முடிந்த மறுநாள் சில கணினிகளில் திரை கறுப்பாகவே நிற்கும். அல்லது வைஃபை காணாமல் போகும். உடனே கடைக்குத் தூக்கிச் சென்று ஃபார்மட் செய்தால் பிள்ளைகளின் பாட வேலைகளும் குடும்பப் படங்களும் அழிந்துவிடும். அதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

ஏன் இப்படி?

இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல். வைஃபை, திரை போன்றவற்றை இயக்கும் சிறு நிரல்கள் மாட்யூல்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் அதற்கே உரிய மாட்யூல்கள் தனிக் கோப்புறையில் இருக்கும். புதிய கெர்னலுக்குப் பொருந்தும் மாட்யூல் சரியாக அமையாவிட்டால் அந்தக் கருவி வேலை செய்யாது. நல்ல வேளையாக, முந்தைய கெர்னல் உடனே அழிக்கப்படுவதில்லை. எதை ஏற்றுவது என்று முடிவு செய்வது கிரப் எனும் தொடக்க நிரல்.

என்ன செய்வது?

கணினியைத் திறந்ததும் எஸ்கேப் விசையை ஓரிரு முறை தட்ட வேண்டும். பழைய கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கெர்னல்கள் எண்களுடன் தெரியும். ‘ரிகவரி மோட்’ என்று இல்லாத, சற்றுக் குறைந்த எண்ணுள்ள வரியில் என்டர் தட்டினால் போதும். கணினி திறந்தால் முதல் வேலையாக முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுப்பது நல்லது.

ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்காமல் இருக்க

‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘டிஃபால்ட்’ என்பதில் ‘கிரப்’ என்ற அமைப்புக் கோப்பு உள்ளது. முதலில் அதற்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். பிறகு நிர்வாகி அனுமதியுடன் திறந்து, ‘கிரப்_டிஃபால்ட்’ மதிப்பை ‘சேவ்ட்’ என்று மாற்றி, ‘கிரப்_சேவ்டிஃபால்ட்’ வரியில் ‘ட்ரூ’ என எழுத வேண்டும். ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இயக்கினால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். அதன்பின் கடைசியாகத் தேர்ந்தெடுத்த கெர்னலே அடுத்த முறையும் ஏறும்.

இது தற்காலிக ஏற்பாடுதான். பழைய கெர்னலில் பாதுகாப்புத் திருத்தங்கள் சேராது. அடுத்த புதுப்பிப்பு வந்ததும் புதிய கெர்னலை மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கெர்னலும் ஏறவில்லை என்றால் வன்வட்டில் கோளாறு இருக்கலாம். அப்போது கடைக்காரரிடம், “முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்ல மறக்கக்கூடாது.