பல்லுக்குக் கேப் போடும் செலவு: கணக்குத் தெரிந்து கொள்வோம்

அரிசி, பருப்பின் காய்ச்சலைப் பல்லில் கடித்துப் பார்த்தே மூட்டைக்கு விலை பேசுகிறவர்கள் நாம். அந்தப் பல்லுக்கே வைத்தியம் என்று வரும்போது மட்டும் விலை விவரம் கேட்கத் தயங்குகிறோம். டாக்டர் சொன்ன தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்து விடுகிறோம். அல்லது "தீபாவளி சீசன் முடியட்டும்" என்று தள்ளிப் போடுகிறோம். இரண்டுமே நஷ்டக் கணக்குத்தான்.

கேப் எதற்கு?

சொத்தை ஆழமாகி நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கேனல் சிகிச்சை செய்கிறார்கள். வலி நின்றுவிடும். வலி நின்றதும் நம்மில் பலர் மறுபடி டாக்டரிடம் போவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சொத்தை அரித்தது பாதி, சிகிச்சைக்காகத் துளைத்தது மீதி என்று பல்லின் உட்பகுதி போனபின், மிஞ்சி நிற்பது மெல்லிய சுவர். கடைவாயில் விழும் அழுத்தத்தில் அது என்றாவது ஒருநாள் பிளக்கும். பிளவு வேர் வரை இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சுவரைச் சுற்றி மூடும் கவசமே கேப். இதைக் கிரவுன் என்றும் சொல்வார்கள்.

எல்லாப் பல்லுக்கும் கேப் கட்டாயம் என்பதில்லை. அதிகம் சேதமாகாத முன்பல்லை வெறுமனே அடைத்து விடுவதும் உண்டு. ஆகவே "இந்தப் பல்லுக்கு அவசியமா?" என்று கேட்பதில் தவறில்லை.

தொகையில் அடங்குவது என்ன?

நமது சரக்குக்கு அடக்க விலை இருப்பதுபோல் கேப்புக்கும் உண்டு. முதலாவது, டாக்டரின் வேலை. பல்லைச் சுற்றிலும் மேலும் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இழைத்து, அளவு எடுத்து, தற்காலிகக் கேப் வைத்து, பிறகு நிரந்தரக் கேப்பைப் பொருத்தி ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று முறை போக வேண்டி வரும். இரண்டாவது, லேப் கூலி. பெரும்பாலும் கேப்பைச் செய்வது டாக்டர் அல்ல, பல் லேபில் உள்ள தொழிலாளி. மூன்றாவது, பொருளின் விலை. நான்காவது, வாடகை, மின்சாரம், கருவிகளின் தேய்மானம். இது நமக்குத் தெரிந்த கதைதான்.

ரூட் கேனல், எக்ஸ்ரே, உடைந்த பல்லைக் கட்டி எழுப்பும் வேலை ஆகியவை பல இடங்களில் தனிக் கணக்கு. "கேப் இவ்வளவு" என்று கேட்டுவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

எந்த வகை?

முழு உலோகக் கேப் விலை குறைவு, உறுதி அதிகம். பல்லைக் குறைவாக இழைத்தால் போதும். நிறம் மட்டுமே குறை. சிரித்தாலும் வெளியே தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு இது தாராளமாகப் போதும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் நடுத்தர விலை. பீங்கான் சில சமயம் சில்லு பெயரலாம், நாளாவட்டத்தில் ஈறோரம் கருங்கோடு தெரியலாம். ஜிர்கோனியா என்பது மெஷினில் கடைந்து சூளையில் சுட்ட வெள்ளைப் பொருள். பல் நிறமும் உண்டு, வலுவும் உண்டு, விலையும் கூடுதல். விலை கூடியதே அதிக நாள் உழைக்கும் என்று எண்ண வேண்டாம். அளவு சரியாகப் பொருந்துவதும், நாம் சுத்தமாக வைத்திருப்பதும்தான் ஆயுளைத் தீர்மானிக்கும்.

ஜிர்கோனியாவுக்கு வாரண்டி கார்டு தருவார்கள். அது பெரும்பாலும் கேப் உடைந்தால் மாற்றித் தருவதற்கு மட்டுமே. உள்ளே இருக்கும் பல் சொத்தையானால் கார்டு உதவாது. டாக்டர் கூலியும் சேருமா என்று முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

கேப் 6,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். 10 ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு 50 ரூபாய்தான். போடாமல் விட்டுப் பல்லைப் பிடுங்க நேர்ந்தால், அந்த இடத்தில் பிரிட்ஜ் கட்ட இருபுறமும் உள்ள பற்களையும் இழைத்து மூன்று கேப் செய்ய வேண்டும். செலவு 18,000. அத்தோடு நன்றாக இருந்த இரண்டு பற்களுக்கும் கேடு. இம்ப்ளாண்ட் என்றால் பக்கத்துப் பற்கள் தப்பும். செலவு ஒரு கேப்பைவிடப் பல மடங்கு.

கைக்கு அடக்கமான வழிகள்

பெரும்பாலான மெடிக்ளெயிம் பாலிசிகள், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிர, பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. எனவே அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் நமக்காகவே உள்ளன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் கட்டணம் குறைவாக இருக்கும். காத்திருக்கும் நேரம் கூடும். அரை நாள் கடையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்.

நோய்க்கான வைத்தியச் சேவைக்கு, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதலே விலக்கு உண்டு. பில்லில் வரி என்று தனியாக இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

சரக்கு எடுக்குமுன் கொட்டேஷன் வாங்குவது நமது வழக்கம். இங்கும் அப்படியே செய்வோம். எந்த வகைக் கேப், மொத்தத் தொகையில் என்னென்ன அடங்கும், எத்தனை முறை வர வேண்டும், கழன்றால் மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா, இவற்றை எழுதி வாங்குவோம். டாக்டரின் கவுன்சில் பதிவு எண்ணையும் பார்த்துக் கொள்வோம். மலிவு என்று பதிவில்லாதவரிடம் போனால், எடை போடாமல் சரக்கு இறக்கிய கதையாகிவிடும். வலி நின்ற பல்லோடு இன்னும் கேப் போடாமல் இருக்கும் அன்பர்கள், இந்த வார விடுமுறை நாளையே அதற்கு ஒதுக்குவது நல்லது.