வராத ஆண்கள் கணக்கில் வருவதில்லை

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் கோயிலில் பெருந்திருவிழா நடக்கும் நாள்களில் வெளிவீதியில் சற்று நேரம் நின்றால் போதும், வயது எப்படித் தேவையை மாற்றுகிறது என்பது விளங்கும். தேர் வடம் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் இளந்தாரிகள். அவர்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும், முதலுதவி வேண்டும், தெதுரு ஓயாவில் தீர்த்தத்துக்கு இறங்கும்போது கவனிக்க ஆள் வேண்டும். நிழல் தேடி உட்காரும் ஐயாமாருக்கோ சாய்ந்திருக்க ஓர் இடமும், கிட்டவே கழிப்பறையும், தலைசுற்றினால் பிரஷர் பார்க்க ஒருவரும் வேண்டும். தலைகளை மட்டும் எண்ணி ஏற்பாடு செய்தால் இரு பகுதியாருக்கும் குறைதான்.

நகரத்துக்கும் நாட்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

இலங்கையில் 65 வயதைக் கடந்தோர் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 7.9 பேர், 2024இல் 12.6 பேர். பன்னிரண்டே ஆண்டுகளில் வந்த மாற்றம் இது. 2011–2013 ஆயுள் அட்டவணைப்படி ஆண்களின் சராசரி ஆயுள் 72 ஆண்டுகள், பெண்களுக்கு 78.6. ஆறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியில் ஆண்கள் தவறவிட்ட பரிசோதனைகளுக்கும், புகைக்கும் மதுவுக்கும், வீதி விபத்துகளுக்கும் பங்குண்டு.

சிலாபம் பகுதி கடலையும் தென்னையையும் நம்பி வாழ்வது. வென்னப்புவையிலிருந்து வடக்கே நீளும் இக்கரையோரத்திலிருந்து இத்தாலிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உழைக்கப் போனவர்கள் ஏராளம். கட்டார் மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைக்கும் வயதுக்காரர். ஆகவே அங்கே முதலில் கேட்கப்படுவது தொழிலாளர் விடுதி, வேலைத்தளப் பேருந்து, வெயில் தாக்கத்துக்குச் சிகிச்சை. இளமையை அங்கே கொடுத்துவிட்டு, சலரோகமும் முழங்கால் வலியுமாகத் திரும்பி வருபவருக்கு இங்கே கிளினிக் தேவைப்படுகிறது. ஒரே மனிதர், இரண்டு வயதில் இரண்டு நாடுகளின் சேவைக் கணக்கு.

எந்த வயதில் எந்த ஆபத்து

பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வரை ஆண்களுக்குப் பெரிய எதிரி வீதி. மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஓட்டும் வயது அது. மனச்சோர்வை வெளியே சொல்லாமல் குடியில் புதைக்கும் வயதும் அதுவே. இலங்கையில் தற்கொலையால் இறப்போரில் பெரும்பான்மையோர் ஆண்கள். விபத்தென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மனம் உடையும் நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

முப்பத்தைந்துக்கு மேல் ஆபத்து ஓசையில்லாமல் வரும். உயர் இரத்த அழுத்தமும் சலரோகமும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமே அதன் முதன்மைக் காரணம். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் ஏதேனும் இருந்தால் அரச வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுவதற்குப் பணம் தேவையில்லை.

அறுபதுக்குப் பிறகு புரோஸ்டேட் சுரப்பி வீங்குவதும், கண்புரையும், தனிமையும், கைச்செலவுக்குக் காசில்லாத நிலையும் சேர்ந்துகொள்ளும்.

வெறுமையாகக் கிடக்கும் கதிரை

35 வயதைக் கடந்த எவரும் சுகவாழ்வு நிலையங்களில் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கலாம். 2011 முதல் சுகாதார அமைச்சு இவற்றை நடத்தி வருகிறது. ஆனால் வருபவர்களில் பெண்களே மிகுதி. காரணம் அலட்சியம் மட்டுமல்ல. இரவெல்லாம் கடலில் நின்றவர் காலையில் மீனை இறக்கி, விற்று, வலையைச் சரிசெய்யும் நேரத்தில்தான் கிளினிக் நடக்கிறது. நாட்கூலிக்காரருக்கு ஒரு காலைப்பொழுது என்பது ஒரு நாள் சம்பளம்.

இதில் பெரிய கேடு ஒன்றுண்டு. வராதவரின் பெயர் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் ஆண்கள் குறைவாக இருந்தால், அவர்களுக்குச் சேவை தேவையில்லை என்றே திட்டமிடுவோர் நினைப்பார்கள். அந்தத் தேவையோ மறைவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மாரடைப்பாகவும் பாரிசவாதமாகவும் சிலாபம் பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு வந்து சேரும்.

கேட்டுப் பெற வேண்டியவை

உழைக்கும் வயதில்: 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டப்படி தற்காலிக, நாட்கூலித் தொழிலாளிக்கும் ஊழியர் சேமலாப நிதி உரியது. தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். கட்டாத முதலாளி மீது தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். உழைக்க வெளிநாடு செல்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் போகக் கூடாது; அதன் இலக்கம் 1989.

அறுபதிலிருந்து: 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வயதைக் காரணம் காட்டி முதியவரை எந்த இடத்திலும் ஒதுக்குவதைத் தடுக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கான சபையில் விண்ணப்பிக்கலாம். முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். 70 வயதைத் தாண்டிய வறியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவையும் கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும்.

சேவையே இல்லையென்றால் என்ன செய்வது? 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லாமலே எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அலுவலகம் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

கோயில் பரிபாலன சபையோ, மீனவர் சங்கமோ, ஆட்டோ ஓட்டுநர் சங்கமோ இப்படி ஒரு கடிதம் எழுதலாம்: நமது பிரிவில் 35 முதல் 59 வயது வரை எத்தனை ஆண்கள்? கடந்த ஆண்டு சுகவாழ்வு நிலையத்துக்கு வந்தவர் எத்தனை பேர்? மாலையிலோ ஞாயிறிலோ, மீன் இறங்கும் துறையிலோ ஒரு பரிசோதனை நாள் வைக்க முடியுமா? பதில் வந்ததும், அந்த நாளுக்கு முதல் ஐம்பது பேரைச் சங்கமே அழைத்துக்கொண்டு போகட்டும்.