சந்தை என்னும் சொல்

செயலிகள் விற்கும் இடத்தைச் 'சந்தை' என்று அழைத்ததிலிருந்தே தொடங்குகிறது குழப்பம். கூகுள் 2008இல் திறந்தபோது அதன் பெயர் ஆண்ட்ராய்டு மார்க்கெட். 2012 மார்ச்சில் அது கூகுள் பிளே ஆயிற்று, சந்தை விளையாட்டாகிவிட்டது. அதே 2008இல் வந்த ஆப்பிள் தன்னுடையதைக் கடை என்றுதான் சொல்கிறது. அந்த மட்டில் நேர்மை. பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் இத்துடன் பக்கத்தைப் புரட்டிவிடலாம். இந்தக் குறிப்பான் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

சந்தை நமக்குத் தெரியாததல்ல. பஞ்சாயத்து ஏலம் விடும். குத்தகை எடுத்தவர் சுங்கச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். ரேட்டைக் கூட்டினால் வாசலிலேயே சண்டை. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். மறைவான பேச்சுதான், ஆனாலும் அந்தக் கை யாருடையது என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஒத்துவரலைன்னா மாட்டை ஓட்டிக்கிட்டு அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போயிரலாம். (பழைய சந்தைக்குப் புகழ் பாடுவதாக நினைக்கவேண்டாம். சாதி புகாத சந்தை எதுவும் எனக்குத் தெரியாது.)

செயலிக் கடையில் இடத்துக்குச் சொந்தக்காரர், சுங்கம் வசூலிப்பவர், தரகர், நீதிபதி எல்லோரும் ஒருவரே. போதாததற்கு அவரும் பக்கத்தில் கடை போட்டிருக்கிறார். செயலிக்குள் நடக்கும் விற்பனையில் நூற்றுக்கு முப்பது என்பது பல ஆண்டுகள் எழுதப்பட்ட விதி. 2021இல்தான் சிறியவர்களுக்குப் பதினைந்தாகக் குறைந்தது. ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்தும் செயலியை நிறுவலாமே என்பார்கள். நிறுவலாம், எச்சரிக்கைகளைத் தாண்டினால். 2024இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளோடு இண்டஸ் என்ற இந்தியக் கடையும் வந்தது. ஆனால் கைப்பேசி வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருக்கும் கடையைத் தாண்டி இன்னொன்றைத் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்?

இந்த அதிகாரம் வெளிப்படையாகத் தெரிந்த நாள் 2024 மார்ச் 1. கட்டணம் செலுத்தவில்லையென்று பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் நீக்கத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. வழக்கு நடந்துகொண்டிருந்தது, உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தரவில்லை. ஆகவே கூகுள் சட்டத்தை மீறியது என்று நான் சொல்ல வரவில்லை. தகராறிலிருக்கும் இரு தரப்பில் ஒரு தரப்பின் இடுப்பில் சாவி இருக்கிறது என்பதே விஷயம். மத்திய அரசு தலையிட்டது. சில நாட்களில் செயலிகள் திரும்பின. இந்தியப் போட்டி ஆணையம் இதே கட்டணமுறைக்காக 2022இல் விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025இல் 216.69 கோடியாகக் குறைத்தது.

பெரிய நிறுவனத்துக்கு அமைச்சர் வருவார். தனி ஆளுக்கு? 2023 நவம்பர் 13க்குப் பிறகு கூகுளில் தனிநபர் கணக்கு தொடங்குபவர், தம் செயலியை இருபது பேரைக் கொண்டு பதினான்கு நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டவேண்டும் என்றார்கள். பிறகு இருபது பன்னிரண்டாயிற்று. நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை. நிரல் எழுதும் என் சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, கடைங்கிறான், பேரம் பேச ஆளே இல்லையே. யார்கிட்டப் போய் நிக்கிறது?" இரண்டு கோட்பாட்டு நூல்களில் நான் தேடியதை அவன் ஒரு வரியில் கேட்டுவிட்டான்.

இதற்கெல்லாம் சொல்லப்படும் நியாயம் 'பாதுகாப்பு'. அதிகாரம் எப்போதும் அக்கறையின் மொழியில்தான் பேசும். சரி, பாதுகாக்கிறதா? 2017 நவம்பரில் வாட்ஸப்பின் பெயரில் ஒரு போலிச் செயலி கூகுள் கடைக்குள் நுழைந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை இறக்கிக்கொள்ளப்பட்டது. தயாரித்தவர் பெயராக அசல் நிறுவனத்தின் பெயரே இருந்தது. ஒரே வித்தியாசம், பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறி. ஆசிரியர் பெயர் என்பது ஆளைக் குறிப்பதல்ல, பிரதிகளைத் தரம்பிரிக்கும் ஓர் இயக்கம் என்று ஃபூக்கோ 1969 உரையில் விளக்கினார். அந்த இயக்கத்தை ஏமாற்ற ஒரு வெற்றிடமே போதுமானதாயிற்று. எந்திரத்துக்கு இரண்டும் வேறுவேறு பெயர்கள். வாசிக்கிற கண்ணுக்கு ஒன்றுதான்.

இதையாவது சிரித்துக் கடக்கலாம். கடன் செயலிகளை அப்படிக் கடக்க முடியாது. ஐயாயிரம் ரூபாய் கொடுக்கும் முன் தொடர்புப் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லும். தவணை தவறினால் அத்தை, மாமன், கூட வேலை பார்ப்பவர் என்று எல்லோருக்கும் வெட்டி ஒட்டிய ஆபாசப் படம் போகும். அவமானம் தாங்காமல் இறந்தவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் ஆராய்ந்தபோது, இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2021 ஏப்ரலுக்கும் 2022 ஜூலைக்கும் இடையே கூகுள் 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை நிறுத்தியது அல்லது நீக்கியது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதைக் கடையின் விழிப்புக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். 2,500 நீக்கப்பட்டன என்றால் அத்தனையும் முதலில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவை. கட்டணம் தராதவரைத் தவறாமல் கண்டுபிடிக்கும் காவலுக்கு இவை உள்ளே வந்தபோது ஏன் கண் தெரியவில்லை?

நீக்கம் நடப்பது கடையின் அலமாரியில். கடன் வாங்கிய பெண்ணின் கைப்பேசியிலிருந்த நானூறு பெயர்களும் எண்களும் அதற்குள் வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்துவிட்டன.