கொல்கத்தாவில் சனி, ஞாயிறு: தெருப் புகைப்படக்காரரின் இரண்டு நாள்கள்

பொது இடங்களில் மக்கள் தம் போக்கில் இயங்கும்போது, அவர்களை நிறுத்திவைக்காமலும் காட்சியைத் திருத்தாமலும் படமெடுப்பதே தெருப் புகைப்படக்கலை எனப்படுகிறது. சனி, ஞாயிறு விடுமுறையில் ஒரு பெருநகரத்துக்குச் செல்பவர் இக்கலையில் இறங்க விரும்பினால், காணவேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவதைக் காட்டிலும், இரண்டொரு மூலைகளைத் தேர்ந்து அங்கேயே காத்து நிற்பது மிகுந்த பயன் தரும் என்பதைக் கொல்கத்தா நகரம் நன்கு உணர்த்துகிறது.

முதலில் கவனிக்கவேண்டியது வெளிச்சம். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுவதாலும், கொல்கத்தா அதற்கும் ஏறத்தாழ 6 பாகை கிழக்கே இருப்பதாலும், ஜூன் மாதத்தில் அங்கே காலை 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. டிசம்பர் தொடக்கத்திலோ மாலை 5 மணிக்குள் மறைந்துவிடுகிறது. சென்னைப் பழக்கத்தில் 6 மணிக்கு எழுந்து காபி குடித்துவிட்டுக் கிளம்புபவருக்குக் கோடையின் நல்ல சாய்வெயில் பாதிகூடக் கிடைக்காது.

அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற இடம், 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்குக் கீழே ஹூக்ளி ஆற்றையொட்டி அமைந்துள்ள மல்லிக் காட் பூச்சந்தை. செவ்வந்திச் சரங்களைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வருவோர் அதன் குறுகிய வழிகளில் முட்டி மோதிக்கொண்டு செல்வதால், ஒவ்வொரு முறையும் லென்ஸைத் திருப்பித் தெளிவு பார்க்க நேரம் இருக்காது. ஆகவே அனுபவசாலிகள் தூரத்தை முன்கூட்டியே நிலைப்படுத்திவிடுகிறார்கள்: முழுச்சட்டகக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, ஒளி நுழையும் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, தெளிவை 2.5 மீட்டரில் வைத்தால், சுமார் 1.7 மீட்டர் முதல் 4.8 மீட்டர் வரை உள்ள அனைத்தும் போதிய தெளிவோடு பதியும். அதன்பின் பின்னணி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதற்குள் ஆள் வந்து சேரும்வரை நிற்பதுதான் வேலை. அதுவே கடினமான பகுதியும்கூட.

இந்த நெரிசலைக் குறையாகக் கருதாமல் கலையாகவே ஆக்கியவர் ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942–1999). 1966இல் ஜெய்ப்பூரில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸோனின் வேலையை நேரில் கண்ட அவர், அவருடைய கூர்ந்த பார்வையை ஏற்றுக்கொண்டபோதிலும், கறுப்பு வெள்ளையை ஏற்கவில்லை. இந்திய வாழ்வில் வண்ணம் மேற்பூச்சு அன்று, உணர்வின் ஊற்று என்பது அவர் கருத்து. 1991இல் ஹவுராவில் அவர் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக்கடைப் படத்தில், விற்பனைக்கு வைத்த கண்ணாடிகள் தெருவைத் துண்டு துண்டாகப் பிரதிபலிக்க, ஒரே சட்டகத்துக்குள் பல காட்சிகள் அமைந்துவிடுகின்றன. கடையைக் கடந்து விரைந்து போகிறவர் கண்ணில் அது படுவது அரிது.

கை ரிக்‌ஷா இழுப்பவர்களையும் நடைபாதையில் உறங்குவோரையும் படமெடுப்பது இந்நகரில் மிக எளிது. எளிது என்பதாலேயே அத்தகைய படங்கள் பெரும்பாலும் வறுமையை மட்டுமே காட்டி, மனிதரைக் காட்டத் தவறுகின்றன. உறங்குபவரால் மறுப்புச் சொல்ல முடியாது என்பதையும் கருதவேண்டும். விழித்திருப்பவர் கையசைத்து மறுத்தால் கேமராவைத் தாழ்த்திக்கொள்வதே முறை.

பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற காலேஜ் ஸ்ட்ரீட் கடைகள் ஞாயிறன்று பெரும்பாலும் அடைத்திருக்குமாதலால், அத்தெருவைச் சனிக்கிழமைக்கும் பூச்சந்தையை ஞாயிறு விடியலுக்கும் ஒதுக்கிக்கொள்வது பொருத்தமாகும்.