இருட்டில் நிற்கும் விமானங்கள்! படம் பிடிப்பது எப்படி?

கோயிலில் இருப்பதும் விமானம். வானத்தில் பறப்பதும் விமானம். இரண்டுக்கும் ஒரே பெயர்!

கோயில் விமானத்தைப் பற்றித் தென்காசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பறக்கும் விமானங்களை, அதிலும் போரில் பங்கெடுத்த பழைய விமானங்களை, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் டில்லிக்குப் போக வேண்டும். அங்கே பாலம் என்ற இடத்தில் இந்திய விமானப் படையின் பொருட்காட்சி சாலை இருக்கிறது. (பாலம் என்பது ஊரின் பெயர். ஆற்றுப் பாலம் அல்ல!) 1967-ல் திறக்கப்பட்டது.

விடுமுறையில் குடும்பத்தோடு டில்லிக்குப் போகிறவர்கள் இங்கேயும் எட்டிப் பார்க்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து படங்களைப் பார்த்தால், தாஜ்மகால் பளிச்சென்று இருக்கிறது. விமானங்களோ கரிக்கட்டை போல இருக்கின்றன!

என்ன காரணம்?

பேரருவியும் இறவாரமும்

பழைய விமானங்களில் பல, கூரை போட்ட பெரிய கொட்டகைக்குள் நிற்கின்றன. உள்ளே வெளிச்சம் குறைவு. ஆனால் நமக்கு அது தெரிவதில்லை. இருட்டுக்குள் போனதும் கண்ணின் பாவை விரிந்துகொள்கிறது. சிறிது நேரத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. உண்மையில், இத்தகைய கூடங்களில் உச்சி வெயிலின் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இல்லாமல் போகலாம்.

காமிராவை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம்தான் தண்ணீர். குற்றாலம் பேரருவியில் குடத்தைக் காட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். அதே குடத்தை வீட்டு இறவாரத்தில் சொட்டும் தண்ணீரில் வைத்தால்? காத்திருக்கத்தான் வேண்டும்.

குடம் நிறைய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, குடத்தின் வாயை அகலமாக்குவது. காமிராவில் இதை லென்ஸ் துளை என்பார்கள். எஃப் 2.8, எஃப் 4 என்று எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். இரண்டாவது, அதிக நேரம் பிடிப்பது. அது ஷட்டரின் வேலை. மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவது. 400-ஐ 1600 ஆக்கினால் நாலில் ஒரு பங்கு வெளிச்சமே போதும். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழும்.

மங்கிய கூடத்துக்கு, எஃப் 2.8, விநாடியில் 30-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்துத் தொடங்கலாம். படத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டலாம், குறைக்கலாம்.

பிளாஷ் ஏன் கைவிடுகிறது?

"எதற்கு இவ்வளவு பாடு? பிளாஷைத் தட்டினால் போகிறது!" என்று நீங்கள் கேட்கலாம்.

பிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போக வேகமாகக் குறையும். இரண்டு மடங்கு தூரத்தில் நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு! விமானத்தின் மூக்கு உங்களுக்கு 5 அடியில் இருக்கும். வால் 30 அடிக்கு அப்பால் இருக்கும். மூக்கு சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். வால் இருட்டில் மறைந்துவிடும். விமானி அறையின் கண்ணாடி மூடியில் பளீர் என்று ஒரு வெள்ளைப் பொட்டு விழும். செல்போனில் உள்ள சிறு விளக்கு சில அடி தூரத்துக்குத்தான் உதவும்.

ஆகவே, பிளாஷை அணைத்துவிடுங்கள். அங்கே இருக்கும் வெளிச்சத்தையே நம்புங்கள்.

தென்காசிக் கோயிலில் ஒரு பாடம்

இருக்கும் வெளிச்சத்தை நம்புவது எப்படி? அதைக் கற்றுக்கொள்ள டில்லிக்குப் போக வேண்டாம். தென்காசியிலேயே கற்கலாம்.

காசி விசுவநாதர் கோயில் 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. அதன் மண்டபத்தில் வீரபத்திரர், மன்மதன், ரதி முதலிய பெரிய கற்சிலைகள் இருக்கின்றன. அங்கே காமிரா வேண்டாம். கோயில்களில் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உத்தரவிட்டிருக்கிறது. கண் போதும்!

ஒரு சிலையை நேராகப் பாருங்கள். பிறகு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நகர்ந்து நின்று பாருங்கள். மூக்கு எழுந்து நிற்கும். விரல்கள் தனித்தனியே தெரியும். இதைச் செய்வது வெளிச்சம் மட்டும் அல்ல. நிழலும்தான்! எதிரே இருந்து பாயும் பிளாஷ் இந்த நிழலைத்தான் கொன்றுவிடுகிறது.

சாரலில் ஒத்திகை

அடுத்த பாடம் வீட்டில். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி வீடுகளுக்குள் பகலிலும் மங்கலாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே.

ஒரு பித்தளைக் குடத்தைத் துலக்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். குடமும் விமானத்தைப் போல வளைந்தது, பளபளப்பானது. அதைப் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் குழந்தைக்கும் புரியும்.

கை நடுங்கக் கூடாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். தூணிலோ சுவரிலோ சாய்ந்து நில்லுங்கள். பாதி மூச்சை விட்டு, நிறுத்தி, மெதுவாக அழுத்துங்கள். செல்போனில் 'இரவு முறை' இருந்தால், அது இரண்டு மூன்று விநாடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். அதுவரை அசையாதீர்கள். விமானம் எங்கும் ஓடிவிடாது!

யாரைப் படம் எடுக்கிறோம்?

ஒத்திகை முடிந்ததா? இனி பாலம் போகலாம். வாசலிலேயே எங்கெங்கே படம் எடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள். விமானத்தைத் தொடாதீர்கள்.

உள்ளே வாபிட்டி என்ற இரட்டைத் தட்டு இறக்கை விமானம் இருக்கிறது. 1933 ஏப்ரல் 1-ந் தேதி கராச்சியில் இந்திய விமானப் படையின் முதல் பிரிவு நாலே நாலு வாபிட்டிகளோடு தொடங்கியது. துணி போர்த்திய இறக்கை. பக்க வெளிச்சத்தில்தான் துணியின் அழகு தெரியும்.

நேட் என்ற குட்டி விமானத்தைப் பாருங்கள். நேட் என்றால் கொசு போன்ற சிறு பூச்சி. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 22 அடிதான்! 1971 டிசம்பர் 14-ந் தேதி ஸ்ரீநகரில், பகைவர் குண்டு வீசும்போதே, நேட் விமானத்தில் கிளம்பிப் போரிட்டு உயிர் கொடுத்தார் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. உங்கள் பையனைக் கயிற்றுக்கு இப்பால் நிறுத்திப் படம் எடுங்கள். எவ்வளவு சிறிய விமானத்தில் அந்த வீரர் போனார் என்பது படத்திலேயே தெரியும்.

ஜப்பானியரின் ஓகாவும் அங்கே உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானி கப்பல்மீது மோதி மாள்வதற்கென்றே செய்த விமானம். இதைச் சிரித்துக்கொண்டு நின்று படம் எடுக்க மனம் வராது.

எந்த விமானமானாலும் மூக்குக்கு நேரே நிற்காமல், முன்பக்கத்து மூலையில் நில்லுங்கள். ஒரு காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தால் கம்பீரம் கூடும். திறந்த கதவு பின்னால் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் விமானம் கறுத்துவிடும்.

டில்லி தூரம் என்பவர்களுக்குப் பெங்களூர் இருக்கிறது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2001-ல் அமைத்த பொருட்காட்சி சாலை அங்கே உண்டு. இந்தியாவிலேயே செய்து 1961-ல் முதன்முதலாகப் பறந்த மாருத் போர் விமானத்தை அங்கே காணலாம்.

படத்தின் பின்பக்கம்

ஊர் திரும்பியதும் நல்ல படங்களைச் செல்போனிலேயே தூங்க விடாதீர்கள். அச்சுப் போடுங்கள். உங்கள் தெருவில் விமானப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் யாரேனும் இருந்தால், அவர் கையில் கொடுங்கள். இறக்கையை இணைத்தவரும் எஞ்சினைத் துடைத்தவரும் சொல்லும் செய்தி எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. அவர் சொல்வதைப் படத்தின் பின்பக்கத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

விமானத்தைக் காக்கக் கொட்டகை இருக்கிறது. அந்தப் பெரியவரின் ஞாபகத்தைக் காக்க உங்கள் படத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?