கால் எரிச்சலுக்குச் சத்து மாத்திரை போதுமா?



உக்கடம் பேருந்து நிலையப் பக்கம் மருந்துக் கடை ஒன்றின் முன் சற்று நேரம் நின்றால், "கால் எரிச்சல் தாங்க முடியலீங்க, நரம்புக்கு ஒரு அட்டை சத்து மாத்திரை குடுங்க" என்று கேட்கும் குரல் காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் பல வருடமாகச் சர்க்கரை வியாதி உள்ளவர். அந்த மாத்திரை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே தொல்லை அங்கேதான் தொடங்கும். எறும்பு ஊர்வது போல, மிளகாய் பூசியது போல, பஞ்சின்மேல் நடப்பது போல என்று நோயாளிகள் சொல்வார்கள். இரவில் அதிகம். போர்வை பட்டாலும் வலிக்கும்.

இதே மதமதப்பும் எரிச்சலும் வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். சர்க்கரைக்கு நம் நாட்டில் மிகுதியாகக் கொடுக்கப்படும் மெட்பார்மின் மாத்திரை, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கல்லீரலில் பல வருடத்துக்கான இருப்பு உண்டு. அதனால் குறை மெதுவாகவே வெளிப்படும். அதைச் சாப்பிடுபவர்களுக்குக் குறையின் அறிகுறிகள் இருந்தால் பி12 அளவைப் பரிசோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியது. இதைப் படித்துவிட்டு மெட்பார்மினை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அது நல்ல மருந்து. குறையைக் கண்டுபிடித்து ஈடு செய்தால் போதும்.

உணவும் சேர்ந்துகொள்கிறது. பி12 மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் ஆகியவற்றில்தான் உண்டு. உக்கடம் மீன் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தியில் அது தாராளம். கொங்கு நாட்டில் சுத்த சைவக் குடும்பங்கள் நிறைய. ராகிக் களியும் கம்பஞ்சோறும் முருங்கைக் கீரையும் நல்ல உணவுகளே, ஆனால் பி12 அவற்றில் கிடைக்காது. சைவ உணவு, மெட்பார்மின், வயது ஆகிய மூன்றும் சேர்ந்தவர்கள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஊசியோ மாத்திரையோ எடுப்பதற்கு முன்பே இரத்தம் கொடுங்கள்; பிறகு கொடுத்தால் அளவு கூடித் தெரிந்து உண்மையை மறைத்துவிடும். குறை இருப்பவருக்கு பி12 மிகவும் பயன்படும். தாமதித்தால் நரம்பு முழுவதும் சரியாகாமலும் போகலாம்.

குறை இல்லாதவருக்கு? சர்க்கரையால் கெட்ட நரம்பை பி12 சரிசெய்யும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆல்பா லிபோயிக் அமிலம் சற்று மேல். 2006-இல் வெளியான ஒரு சோதனையில், தினம் 600 மில்லிகிராம் வீதம் 5 வாரம் சாப்பிட்டவர்களுக்கு எரிச்சலும் வலியும் குறைந்தன. 2011-இல் வெளியான 4 ஆண்டுச் சோதனையிலோ எதிர்பார்த்த முக்கியப் பலன் நிரூபணமாகவில்லை. பி6 விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அது அளவு மீறினால் தானே நரம்பைக் கெடுக்கும். எரிச்சலுக்கென்று சாப்பிட்டது எரிச்சலைக் கொண்டுவரும்! நாளொன்றுக்கு 12 மில்லிகிராமே பெரியவர்களுக்கு உச்ச வரம்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வரையறுத்தது. நம் கடைகளில் விற்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் அந்தச் சிவப்புச் சத்து ஊசியிலும் பி6 சேர்ந்தே இருக்கிறது. அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படியுங்கள்.

வலி உறங்கவிடாவிட்டால் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளில் ஏற்றதை மருத்துவர் தருவார். அவையும் வலியைத்தான் குறைக்கும், நரம்பைக் குணமாக்கா. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே நரம்பு மேலும் கெடாமல் காக்கும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. சில வருடங்களில் எரிச்சல் தானாகவே அடங்கிவிடும். "மாத்திரை வேலை செய்துவிட்டது" என்று குடும்பமே மகிழும். பல சமயங்களில் உணர்ச்சி செத்துப்போனதே அதன் காரணம்.

இதை உலகுக்கு விளங்கவைத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே கெடுகின்றன என்று கண்டார். மெத்தென்ற ரப்பர் செருப்புகளை அவர்களுக்குச் செய்யவைத்தார். பிற்பாடு அமெரிக்காவில், சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணிலும் அதே கதையைக் கண்டார். இன்று கடைகளில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த ரப்பரால் ஆனதுதான்.

கோவிலோ, பள்ளிவாசலோ, ஆலயமோ, செருப்பை வாசலில் விடுவது நம் வழக்கம். சித்திரை வெயிலில் கல்தரையில் பத்தடி நடந்தாலே உணர்ச்சியற்ற பாதம் கொப்பளித்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. ஆகவே தினமும் மாலையில் பாதங்களை, விரலிடுக்கு உட்பட, பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வருடத்துக்கு ஒரு முறை, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் செய்யும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது, வலிக்காது. காலில் புண் இருந்து அது வலிக்கவில்லை என்றால், அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.