இனிப்பைக் குறை என்கிறது அரசு; வரியைக் குறைத்ததும் அரசே!

புது தில்லி: தசராவில் தொடங்கி தன்தேரஸ், தீபாவளி, பாயி தூஜ், சட் பூஜை எனத் தலைநகர் தில்லி ஆண்டுதோறும் பல வாரங்கள் இனிப்பில் மிதக்கிறது. காஜு கத்லி, சோன் பப்டி, உலர்பழப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு கைமாறுகின்றன. பண்டிகைகள் ஓய்ந்த கையோடு திருமண விருந்துகள் தொடங்கிவிடுகின்றன. உண்டது செரிக்க நடக்கலாம் என்றாலோ, அதே பருவத்தில்தான் நகரின் காற்றும் நஞ்சாகிறது.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை: 2025 பிப்ரவரியில் தமது வானொலி உரையில் உடல் பருமன் குறித்துப் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். உணவிலுள்ள எண்ணெய், சர்க்கரை அளவை விளக்கும் பலகைகளை அலுவலகங்களில் வைக்குமாறு மத்திய சுகாதாரத் துறை அதே ஆண்டு யோசனை தெரிவித்தது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை வாசகமா என்று சர்ச்சை வெடித்ததும், அப்படி எந்த உத்தரவும் இல்லை என ஜூலையில் அரசு விளக்கம் அளிக்க நேர்ந்தது. அந்த மாதமே நாடாளுமன்ற உணவகத்தில் ராகி இட்லியும் சோள உப்புமாவும் கலோரிக் கணக்குடன் பட்டியலில் இடம்பெற்றன.

இந்த அக்கறை காரணமற்றது அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோய் இருப்பதாக மதிப்பிட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 24 சதவீதப் பெண்கள் அதிக எடை உடையவர்கள். தில்லியில் இது ஏறத்தாழ 41 சதவீதம். தமிழகத்தில் 40 சதவீதம். எனவே, இதைத் தலைநகரின் கதை என்று தமிழகம் ஒதுக்கிவிட இயலாது.

வரியும் வாசகமும்: அறிவுரை கூறிய அதே ஆண்டில், நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22-ஆம் தேதி சாக்லேட், பிஸ்கட் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. காரவகைப் பொட்டலங்களுக்கு 12 சதவீதம் 5 ஆனது. குளிர்பானங்களுக்கு 40 சதவீதம் விதிக்கப்பட்டது உண்மை. ஆனால், கூடுதல் தீர்வையுடன் சேர்த்து அவற்றின் வரிச்சுமை முன்பும் அதுவே.

பொட்டலத்தின் முகப்பிலேயே சத்து விவரத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டுக்கான வரைவு விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்டது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு விதித்த நீதிமன்றம், ஜூலையில் மேலும் மூன்று மாத அவகாசம் வழங்கியது. சில்லறையாக எடைபோட்டு விற்கும் இனிப்புகளுக்கு, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதை அறிவிப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயம். வாங்குவோர் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கலப்படம்: பண்டிகைக் காலத்தில் இனிப்புக்கு ஆதாரமான மாவாவின் தேவை பன்மடங்கு உயர்கிறது, பால் உற்பத்தி அவ்வாறு உயர்வதில்லை. அந்த இடைவெளியில்தான் மாவுப்பொருளும் வனஸ்பதியும் நுழைகின்றன. சிறிது மாவாவை நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் சில துளி அயோடின் கரைசல் விட்டால், நீலநிறம் மாவுப்பொருளைக் காட்டிக்கொடுக்கும். வனஸ்பதிக் கலப்பையோ, ஒட்டுமொத்தச் சந்தையையோ சோதிப்பது இல்லத்தரசியால் ஆகக்கூடியதல்ல. அது உணவு ஆய்வாளர்களின் கடமை.

நடக்கவும் வழியில்லை: 2024 நவம்பர் 18-ஆம் தேதி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐக் கடந்தது. குறியீடு 400-ஐத் தாண்டினால் ஆரோக்கியமானவர்களையும் பாதிக்கும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. லோதி தோட்டத்தில் அதிகாலை நடைப்பயிற்சி செய்வோர் மற்ற நாள்களில் பெறும் நன்மையை அத்தகைய நாள்களில் எதிர்பார்க்க முடியாது. குளிர்கால அதிகாலையில் மாசு தரையையொட்டித் தேங்குவதால், வெயில் ஏறியபின் நடப்பதே மேல். காற்று மிக மோசமான நாள்களில் யோகாசனம் போன்ற பயிற்சிகளை வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

உணவிலும் சில கட்டுப்பாடுகள் எளிதே. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கின்றன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டு நெறிகள். கொலைப் பசியோடு விருந்துக்குச் செல்லாமல் இருப்பதும், காய்கறி, பருப்பு வகைகளை முதலில் உண்பதும், பெட்டி இனிப்புக்குப் பதில் உப்பிடாத பருப்புகளையும் பழங்களையும் பரிசளிப்பதும் உதவும்.

இவை குடிமக்களின் பங்கு. வரி, முகப்பு வாசகம், ஆய்வாளர் நியமனம், காற்று ஆகிய நான்கும் அரசின் பங்கு. பெரும்பாலும் தில்லிக் காற்று மோசமாக இருக்கும் பருவத்திலேயே நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் கூடுகிறது. ராகி இட்லி உண்டு அவைக்குள் செல்லும் உறுப்பினர்கள், அந்த நான்கையும் பற்றி அங்கே கேட்பதற்கு ஏற்ற தருணம் அது.